கிளம்பாத ரயிலில் நாலு டிரிப்

விசில் ஊதினால் மனிதன் எழுந்திருப்பான் என்று நான் ஒரு காலத்தில் நம்பினேன். ஒன்றரை வருடம் நம்பினேன். நம்பியதோடு நிற்காமல் நாலு பேருக்குச் சொல்லியும் கொடுத்தேன். அந்த நம்பிக்கையைக் காட்டித்தான் கிளை மேனேஜர் பதவியையே வாங்கினேன். ஆகவே, இதைப் படிக்கிற ஓட்டல் தொழில் பிள்ளைகள், மேனேஜர் என்றால் விஷயம் தெரிந்தவர் என்று நினைத்துவிட வேண்டாம். நானும் மேனேஜராக இருந்தவன்தான்.

இன்று கேட்டரிங் படித்துவிட்டு வருகிறவர்கள் 'டேபிள் டர்ன்ஓவர்' என்கிறார்கள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு மேஜையில் எத்தனை பந்தி மாறுகிறது என்பதுதான் அது. எண்பதுகளின் தொடக்கத்தில் நாங்கள் அதை 'டிரிப்' என்போம். ஏனென்றால் எங்கள் ஓட்டல் ஒரு ரயில்.

காசியை மறந்த முதலாளி

எங்கள் முதலாளி சின்னச்சாமி அண்ணனுக்கு உசிலம்பட்டிப் பக்கம் ஊர். பருத்தி போட்டுச் சம்பாதித்து, மதுரைக்கு வந்து ஓட்டல் வைத்தவர். வாழ்க்கையில் ஒரே ஒரு முறை காசிக்குப் போய்வந்தார். திரும்பி வந்தவரிடம் காசி எப்படி இருந்தது என்று எல்லோரும் கேட்டோம்.

"காசிய விடுங்கப்பா. ரயில்ல ஜன்னலோரம் ஒக்காந்து புளிச்சோறு சாப்ட்டேன் பாரு... காத்து அடிக்குது, மரமெல்லாம் ஓடுது, இங்கிட்டு ஒரு வாய், அங்கிட்டு ஒரு ஊரு. அந்த ருசி இன்னிக்கு வரைக்கும் கெடைக்கல" என்றார்.

அத்தோடு விட்டிருந்தால் நான் இன்று வேறு ஏதாவது எழுதிக்கொண்டிருப்பேன். அவர் விடவில்லை. மதுரை ஸ்டேஷன் பக்கத்திலிருந்த கடையை இடித்து ரயில் பெட்டி மாதிரி கட்டினார். எதிரெதிரே மரச் சீட்டு, நடுவில் மேஜை, கம்பி போட்ட ஜன்னல், தலைக்கு மேல் சாமான் வைக்கும் பலகை. 'எக்ஸ்பிரஸ் விலாஸ்' என்று பெயர். பணம் வாங்கும் இடம் புக்கிங் ஆபீஸ்; முதலில் டிக்கெட் எடுத்துவிட்டுத்தான் சாப்பிட உட்கார வேண்டும். சப்ளையர்கள் டிக்கெட் பரிசோதகர் மாதிரி கருப்புக் கோட்டில் சாம்பார் வாளி தூக்கினார்கள். சித்திரை மாதத்தில் அவர்களைப் பார்த்தால் நமக்கு வேர்க்கும்.

நான் கார்டு. வெள்ளைக் கால்சட்டை, தொப்பி, கையில் கொடி, கழுத்தில் விசில். அதுவரை பில் எழுதிக்கொண்டிருந்த அருளப்பனை முதலாளி கார்டாக்கியதும் என் அம்மா கோயிலில் போய் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு, மகன் ரயில்வேயில் சேர்ந்துவிட்டதாகப் பங்குச் சாமியாரிடம் சொல்லிவிட்டார். அவர் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து என் கையைக் குலுக்கி, "பென்ஷன் உள்ள வேலை, விட்றாத" என்றார். ஆமாம் ஃபாதர் என்று நானும் சொல்லிவைத்தேன்.

வேலை இதுதான். நாற்பத்தெட்டு சீட்டும் நிறைந்ததும் முதல் விசில்: சாம்பார். இரண்டாவது விசில்: ரசம். மூன்றாவது: மோர். அப்புறம் பச்சைக் கொடி. எல்லோரும் எழுந்து கை கழுவப் போக வேண்டும். மொத்தம் அரை மணிக்கும் குறைவு.

கேட்டால் சிரிப்பீர்கள், அது அப்படியே நடந்தது. நான் மூன்றாவது விசிலை ஊதும்போதே பாதிப் பேர் எழுந்துவிடுவார்கள். சிலர் மோரை நின்றபடியே குடித்துவிட்டு ஓடுவார்கள். கொடியைத் தூக்கும்போது பெட்டியில் ஆளே இருக்காது. மதியத்தில் ஐந்து டிரிப் ஓடும். பக்கத்து ஓட்டல்காரர்கள் வந்து வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

"எப்புட்றா அருளு?" என்று முதலாளி கேட்டார்.

"ஊதுற ஊதுல இருக்குண்ணே. ரொம்ப அழுத்துனா பயந்துருவாய்ங்க. மெதுவா ஊதுனா ஒக்காந்துக்கிருவாய்ங்க. நடுவாந்தரமா ஒண்ணு இருக்கு" என்றேன்.

பின்னால் நின்ற காதர் அண்ணன் வாளிக்குள் பார்த்துச் சிரித்தார். கோரிப்பாளையத்துக்காரர்; எங்களில் மூத்த சப்ளையர். என்னைவிடப் பதினைந்து வயது பெரியவர் என்றாலும் மாப்ள என்றுதான் கூப்பிடுவார்.

"மாப்ள, எதுக்கும் ஒரு நா ஊதாம இருந்து பாரேன்" என்றார்.

பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு கோரிப்பாளையத்திலேயே இரண்டாவது ரயில் நின்றது. ஆபீஸ்காரர்களும் கடை ஆட்களும் சாப்பிட வரும் இடம். அங்கேயும் என் ஊதலைக் கற்றுக்கொண்டு போன ஒருவர் ஊதினார், அங்கேயும் ஜனம் எழுந்து ஓடியது. என் தலை தொப்பிக்குள் நிற்காத அளவுக்குப் பெருத்தது. மூன்றாவது கிளை திருமங்கலத்தில் என்றதும் முதலாளி என்னையே மேனேஜராகப் போட்டார். காதர் அண்ணனையும் கேட்டுக் கூட்டிக்கொண்டு போனேன்.

துண்டுகள் ஏறிய ரயில்

நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி, திட்டம் எழுதினேன். மூன்று கிளைக்கும் குழம்பு வகை எல்லாம் வில்லாபுரத்தில் ஒரே சமையல் கூடத்தில் கொதித்தது. ரயில் எஞ்சின் நிற்கிற கொட்டகை மாதிரி 'லோகோ ஷெட்' என்று நாங்கள் சொல்வோம். அங்கே சமையலுக்குத் தலைமை சரக்கு மாஸ்டர் பரமசிவம். ரசம் இறக்கி ஒரு மணி நேரம் தாண்டினால் அது ரசமில்லை, கை கழுவுகிற தண்ணீர் என்பது அவருடைய கொள்கை. ஆகவே ஒவ்வொரு டிரிப்புக்கும் தனித்தனியாகச் சாம்பாரும் ரசமும் சுடச்சுட டெம்போவில் வர வேண்டும். இரண்டு டெம்போ மாறி மாறி வில்லாபுரத்துக்கும் திருமங்கலத்துக்கும் ஓடும். முதல் டிரிப் எழும்போது இரண்டாவது ரசம் வாசலில் இறங்கும். நோட்டில் பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. ஸ்கேல் வைத்துக் கோடெல்லாம் போட்டிருந்தேன்.

திறந்த முதல் நாளே சந்தை நாள். பதினொன்றரைக்கு டிக்கெட் கொடுக்க ஆரம்பித்தோம். வாசலில் வரிசை நிற்கும், நான் கதவைத் திறந்து ஒரு விசில் அடித்து உள்ளே விடுவேன் என்பது திட்டம். வரிசையே காணோம். ஜனம் எங்கே என்று எட்டிப் பார்க்கிறேன், எல்லோரும் பக்கத்துச் சந்தில் ஜன்னலோரம் நிற்கிறார்கள்.

முதல் துண்டு கம்பிக்கு நடுவே பறந்து வந்து மூன்றாம் நம்பர் சீட்டில் விழுந்தது. அடுத்த நிமிஷம் துண்டு மழை. வெள்ளைத் துண்டு, கட்டம் போட்ட துண்டு, ஒரு மஞ்சப்பை, ஒரு குடை, ஒற்றைச் செருப்பு. ஒரு ஆள்கூட உள்ளே வராமல் நாற்பத்தெட்டு சீட்டும் நிறைந்துவிட்டது. அப்புறம் துண்டுக்குச் சொந்தக்காரர்கள் நிதானமாக வாசல் வழியாக நடந்து வந்தார்கள்.

"யோவ், அது ஏந் துண்டு."

"ஒன் துண்டு கீழ கெடக்கு. ஏந் துண்டு சீட்டுல கெடக்கு. பாத்துக்க."

"செருப்பு யாருதுப்பா? செருப்பப் போட்டு எடம் பிடிச்ச மகராசன் யாரு?"

பஸ்ஸில் செய்வதை ரயிலில் செய்கிறார்கள்; அதுவும் நிற்கிற ரயிலில். சரி, உட்கார்ந்தால் போதும் என்று முதல் விசிலை ஊதினேன். சாப்பிட்டார்கள். நன்றாகவே சாப்பிட்டார்கள். ரசம், மோர் எல்லாம் முறையாக நடந்தது. பச்சைக் கொடியைத் தூக்கினேன்.

ஒருவரும் எழவில்லை.

இலையை எடுத்து மேஜை துடைத்த பிறகும் எழவில்லை. ஒருவர் எதிர்ச் சீட்டில் காலை நீட்டினார். ஒருவர் சாமான் பலகையில் ஏறித் துண்டைத் தலைக்கு வைத்துப் படுத்துவிட்டார். நாலு பேர் சீட்டுக்கட்டை எடுத்தார்கள். ஒரு குடும்பம் வீட்டிலிருந்து கொண்டுவந்த முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்து, எதிரே இருந்தவர்களுக்கும் கொடுத்து, எந்த ஊர், எத்தனை பிள்ளைகள் என்று விசாரித்துக்கொண்டிருந்தது.

ஜன்னலோரத்தில் பேச்சியம்மாள் என்று ஒரு அம்மாள். ஐம்பது வயதிருக்கும். சந்தையில் வாங்கிய இரண்டு கோழிகளைக் கூடையில் போட்டுச் சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டு, சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார். அவரிடம் போனேன்.

"அக்கா, சாப்ட்டாச்சுல்ல? பச்சக் கொடி காட்டியாச்சு."

"பாத்தேன் தம்பி. நல்லாக் காட்டுன."

"அப்ப எந்திரிக்கணும்ல?"

"பச்சக் கொடி காட்டுனா ரயிலு கெளம்பும். உள்ள இருக்குறவக எதுக்கு எறங்கணும்?"

ஒன்றரை வருடமாகக் கொடி பிடித்தவனுக்கு இது தோன்றவேயில்லை. பெட்டி முழுக்கச் சிரிப்பு. மறுநாள் புத்திசாலித்தனமாகச் சிவப்புக் கொடியைக் காட்டினேன். "சிக்னல் விழல போலிருக்கு. வண்டி இப்பக்கிக் கெளம்பாது, படு" என்று ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்.

நான் விசிலை ஊதினேன். நடுவாந்தரமாக ஊதினேன், அழுத்தி ஊதினேன். "நல்லா ஊதுறாருப்பா, இன்னொருக்க ஊதச் சொல்லு" என்று பலகையில் படுத்திருந்தவர் கேட்டார்.

முதல் நாளே இந்தக் கூத்துக்கு நடுவில் வில்லாபுரத்திலிருந்து இரண்டாவது டிரிப் ரசம் வந்து இறங்கியது. முதல் டிரிப்பே எழவில்லை. முக்கால் மணி நேரம் கழித்து மூன்றாவது ரசம் வந்தது. நிறுத்தச் சொல்லலாம் என்றால் போன் புக் செய்து லைன் கிடைப்பதற்குள் டெம்போ பாதி வழி வந்துவிடும். நான் ஸ்கேல் வைத்துப் போட்ட கோடு அப்படி. மூன்று மணிக்கு வாசலில் ஆறு அண்டா. டெம்போ டிரைவர் தன் பங்குக்கு ஒரு உபகாரம் செய்திருந்தார்: போய் மாஸ்டரிடம் "ரசம் யாருக்கும் பிடிக்கல போல" என்று சொல்லிவிட்டார். மறுநாள் பரமசிவம் மாஸ்டர் ரசத்தில் மிளகை இரண்டு மடங்காக்கி அனுப்பினார். ஜனம் அன்று கூடுதலாக ஒரு மணி நேரம் உட்கார்ந்து மூக்கைச் சிந்தியது.

விருதுநகர் வந்தாச்சு

ஒன்றரை டிரிப். இரண்டு மாதமாக ஒரு மதியத்துக்கு ஒன்றரை டிரிப்தான் ஓடியது. சந்தில் துண்டோடு நின்றவர்கள் நின்று நின்று பார்த்துவிட்டு டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

நான் யோசித்தேன். இதுவே தப்பு, ஆனாலும் யோசித்தேன். ரயிலில் ஏறியவன் எப்போது இறங்குவான்? ஊர் வந்தால் இறங்குவான். ஆக, ஊர் வந்தால் போதும். பெயிண்டரைப் பிடித்து மஞ்சள் பலகையில் ஊர்ப் பெயர்கள் எழுதி வாங்கினேன். மோர் ஊற்றி முடிந்ததும் காதர் அண்ணன் 'திருமங்கலம்' என்ற பலகையைத் தூக்கிக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே மெதுவாக நடக்க, நான் உள்ளே நின்று, "திருமங்கலம்! திருமங்கலம் எல்லாம் எறங்கு!" என்று கூவினேன்.

"நாங்க கள்ளிக்குடிப்பா" என்றது ஒரு குரல்.

காதர் அண்ணன் திரும்பி ஓடிக் கள்ளிக்குடி பலகையைத் தூக்கி வந்தார். ஆறு பேர் சிரித்துக்கொண்டே இறங்கினார்கள். எனக்குப் புல்லரித்துவிட்டது. திட்டம் பலிக்கிறது! "விருதுநகர்!" என்றேன். நாலு பேர். உற்சாகமாகி, "சாத்தூர்! கோவில்பட்டி!" என்று கத்தினேன்.

"நான் தூத்துக்குடி. வந்தா எழுப்பு" என்று சாமான் பலகையில் இருந்தவர் புரண்டு படுத்தார். தூத்துக்குடிக்கு நான் பலகை எழுதவில்லை. கள்ளிக்குடியில் இறங்கிய ஆறு பேரும் கை கழுவிவிட்டுத் திரும்பி வந்து தங்கள் சீட்டிலேயே உட்கார்ந்தார்கள். ஏன் என்று கேட்டேன். "எறங்குனோம். தண்ணி பிடிச்சிட்டு ஏறிட்டோம்" என்றார்கள்.

காதர் அண்ணன் பலகையைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கோட்டைக் கழற்றிப் பிழிந்தார். நிஜமாகவே பிழிந்தார்.

"மாப்ள, பேஜாராப் போச்சு. சாத்தூரு வரைக்கும் நடந்தே போயிட்டு வந்துட்டேன்" என்றார்.

அந்த வாரம் முதலாளி கூப்பிட்டு அனுப்பினார். திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"அருளு, வெதக் கடைக்காரரு ஒருத்தரு அந்தக் கட்டடத்தக் கேக்குறாரு. அடுத்த சந்தைக்கு அவரக் கூட்டிக்கிட்டு நானும் வாரேன். பன்னெண்டுக்கும் மூணுக்கும் நடுவுல நாலு டிரிப்பு ஓடுச்சுன்னா கட இருக்கும். ஓடலேன்னா அன்னிக்கே சாவியக் குடுத்துருவேன்."

"எங்கள எங்கண்ணே போடுவீங்க?"

"போட எடமில்லப்பா. மத்த ரெண்டு கடையும் நெறஞ்சு கெடக்கு."

திருமங்கலம் கிளையில் என்னையும் சேர்த்துப் பதினாலு பேர். அதில் ஆறு பேர் அந்த ஊர்க்காரர்கள், அப்போதுதான் நிலையான வேலை என்று வந்தவர்கள். காதர் அண்ணனோ நான் கேட்டேன் என்பதற்காக மதுரை ஸ்டேஷன் பக்கத்து டவுன் கடையை விட்டுவிட்டு என்னோடு வந்தவர். அவர் இடத்தில் வேறு ஆள் சேர்ந்தாயிற்று. நான் போய் அவர்களிடம் சொன்னேன். ஒருவர், "நாலு டிரிப்பா? மொத டிரிப்ப எறக்கவே கிரேன் வேணுமேண்ணே" என்றார்.

அந்த ஒரு வாரம் தூக்கத்திலும் எனக்கு ஊர்ப் பலகைதான். "தூக்கத்துல 'சாத்தூர், சாத்தூர்'ங்குறான். ரயில்வேல டிரான்ஸ்பர் போட்ருக்காக போல" என்று அம்மா பக்கத்து வீட்டில் கவலைப்பட்டார்.

டேப்பின் ஒரு முனை

சந்தை நாள். பன்னிரண்டுக்கு முன்பே துண்டுகள் பறந்து நாற்பத்தெட்டும் நிறைந்துவிட்டது. ஜன்னலோரத்தில் பேச்சியம்மாள். இந்த முறை மூன்று கோழி. பன்னிரண்டரைக்கு மோர் முடிந்தது, பச்சைக் கொடி காட்டினேன். யாரும் அசையவில்லை.

முதலாளி வந்து வாசலில் நின்றார். கூட விதைக் கடைக்காரர், மரியாதையான மனிதர். சட்டைப் பையிலிருந்து அளவு டேப்பை எடுத்து, "தம்பி, இந்த முனையக் கொஞ்சம் பிடிங்க" என்றார். நான் பிடித்துக்கொண்டேன். என் கடையை மூடுவதற்கு நானே டேப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன் என்பது பாதிச் சுவர் அளந்த பிறகுதான் மண்டையில் ஏறியது.

மணி பன்னிரண்டு ஐம்பது. அண்டா இரண்டு இறங்கிவிட்டது. முதலாளி கடிகாரத்தைப் பார்க்கிறார். டேப்பைப் போட்டுவிட்டு நடுப்பெட்டியில் நின்று, அடிவயிற்றிலிருந்து கத்தினேன்:

"பஸ்ஸு வந்திருச்சு! டவுன் பஸ்ஸு வந்திருச்சு!"

ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. சீட்டுக்கட்டு பறந்தது. பலகையில் படுத்திருந்தவர் நேராகக் கீழே குதித்தார். கூடை, பை, முறுக்கு, கோழி எல்லாம் வாசலை நோக்கி ஓடின. முதலாளியையும் விதைக் கடைக்காரரையும் தள்ளிக்கொண்டு நாற்பத்தெட்டு பேரும் வெயிலில் ரோட்டுக்குப் பாய்ந்தார்கள். அதே வேகத்தில் சந்திலிருந்து புதுத் துண்டுகள் ஜன்னல் வழியே வந்து விழுந்தன. இரண்டாவது டிரிப் உட்கார்ந்துவிட்டது.

நான் சொன்னது சுத்தப் பொய். பஸ் இரண்டேகாலுக்குத்தான். ரோட்டில் போய் நின்று பார்த்தவர்கள் பஸ்ஸையும் காணாமல், நிழலையும் காணாமல், ஐந்து நிமிஷத்தில் திரும்பி வந்தார்கள். முன்னால் பேச்சியம்மாள்.

"எங்கடா அந்த விசிலு?"

இந்த இடத்தில் ஒரு மேனேஜர் என்ன செய்ய வேண்டும் என்று எந்தப் படிப்பிலும் இருக்காது. நான் சாமான் பலகையில் ஏறிவிட்டேன். தொப்பி, விசில், கால்சட்டை சகிதம் ஏறி, சுவரோடு ஒட்டிப் படுத்துக்கொண்டேன். கீழே புதிதாக உட்கார்ந்தவர்கள், "இங்க இருக்காரு, இங்க இருக்காரு" என்று கை காட்டினார்கள்.

பேச்சியம்மாள் கீழே நின்று அண்ணாந்து பார்த்தார்.

"எறங்குடா கீழ. நீ எறங்குற ஊரு வந்திருச்சு."

"அக்கா, தப்புத்தான். மன்னிச்சிருங்க. கடைய மூடப் போறாகக்கா. நாலு டிரிப்பு ஓடலேன்னா பதினாலு பேரு வீட்டுக்குப் போகணும். அதான் வாயில வந்தத..."

"அத மொதல்லயே சொல்றதுக்கென்ன? கொடியத் தூக்கிக் காட்டுற, கலர மாத்திக் காட்டுற, சாத்தூருங்குற, கோவில்பட்டிங்குற. கடைய மூடப் போறாகன்னு ஒருக்க சொன்னியா? இந்த வெயில்ல எங்கள எங்கடா நிக்கச் சொல்ற? பஸ்ஸு நிக்கிற எடத்துல ஒக்கார ஒரு கல்லு உண்டா?"

பலகையில் படுத்தபடி ஜன்னல் வழியே பார்த்தால், காதர் அண்ணன் பின்கட்டிலிருந்து ஒரு தேக்குப் பெஞ்சை இழுத்துக்கொண்டு வருகிறார். பின்னால் 'பர்ஸ்ட் கிளாஸ்' என்று இன்னொரு பெட்டி கட்டுவதற்காக முதலாளி வாங்கிப் போட்ட பெஞ்சுகள் அவை. எட்டு கிடந்தன. திறப்பு விழாவுக்குப் போட்ட கீற்றுப் பந்தல் கடைக்கு முன்னால் பக்கவாட்டில் அப்படியே நின்றது. பந்தல்காரர் பிரிக்க வருகிறேன், வருகிறேன் என்று இரண்டு மாதமாக வரவில்லை. காதர் அண்ணன் பெஞ்சைப் பந்தலுக்குக் கீழே போட்டார்.

"அக்கா, அவன அப்பறமா எறக்கி அடிக்கலாம். மொதல்ல இப்புடி ஒக்காருங்க. ரோடு தெரியிது பாருங்க" என்றார்.

பேச்சியம்மாள் போய் உட்கார்ந்தார். கூடையை அடியில் தள்ளினார். ரோட்டை இடமும் வலமும் பார்த்தார். பிறகு முதலாளியிடம் சொன்னார்:

"இத முந்தியே போட்ருந்தா நாங்க எதுக்குய்யா அந்தப் பொட்டிக்குள்ள ஒக்காந்து வேகுறோம்? உள்ள ஒக்காந்தா பஸ்ஸு வாரது கூடத் தெரியாது. இம்புட்டு நேரமும் ஆள மாத்தி ஆளு வாசல்ல போயி எட்டிப் பாத்துக்கிட்டுத்தான இருந்தோம்?"

 முதலாளி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அடுத்த பெஞ்சைத் தூக்கப் போனார். விதைக் கடைக்காரர் டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு பெஞ்சின் மறுமுனையைப் பிடித்தார்.

எட்டு பெஞ்சுக்கு நாற்பது பேர் உட்காரலாம். முதல் டிரிப்காரர்களில் சிலர் சந்தைக்குத் திரும்பிவிட, மிச்சம் இருந்தவர்களே கிட்டத்தட்ட நிறைத்துவிட்டார்கள். உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்த இரண்டாவது டிரிப்காரர்கள் இதை ஜன்னல் வழியே பார்த்தார்கள். அதற்குப் பிறகுதான் நான் வேடிக்கை பார்த்தேன். இரண்டு பெஞ்சில் கொஞ்சம் இடம் மீதம் இருந்தது. ரசம் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒருவர் இடது கையால் தோளிலிருந்த துண்டை எடுத்து, கம்பி வழியாக வெளியே பெஞ்சில் வீசினார். மோரை ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்து ஓடினார். அடுத்தவர் வீசினார். சந்திலிருந்து துண்டுகள் உள்ளே வருகின்றன, பெட்டியிலிருந்து துண்டுகள் வெளியே போகின்றன. நடுவில் ஒரு துண்டு என் முகத்தில் விழுந்தது. நான் பலகையிலேயே இருந்தேன். ஊதவில்லை, கொடி காட்டவில்லை. பெஞ்சு கிடைக்காதவர்கள் பந்தல் நிழலிலேயே தரையில் துண்டை விரித்தார்கள். ஒன்றரைக்கு இரண்டாவது டிரிப் எழுந்துவிட்டது.

இரண்டேகாலுக்கு பஸ் வந்தது. இந்த முறை நிஜமாகவே வந்தது. பந்தலில் பாதிப் பேர் ஏறிக்கொண்டார்கள். பேச்சியம்மாள் போகிற போக்கில் ஜன்னலைத் தட்டி, "இன்னும் எறங்கலியா?" என்று கேட்டுவிட்டுப் போனார். பெஞ்சு காலியாக ஆக, உள்ளே சாப்பிட்ட மூன்றாவது டிரிப்காரர்கள் நிழலுக்கு வந்தார்கள்.

அப்புறம் தெரிந்தது

அன்று சாயங்காலம் காதர் அண்ணன் ஒரு டீ வாங்கிக் கொடுத்து, டவுன் கடை விஷயத்தைச் சொன்னார். அங்கே ஜனம் என் விசிலுக்கு எழவில்லையாம். கடை ஸ்டேஷன் பக்கத்திலேயே இருந்தது. சாப்பிட்டவர்கள் எல்லோரும் ரயிலைப் பிடிக்க வேண்டியவர்கள். நான் ஊதாவிட்டாலும் ஓடியிருப்பார்கள். கோரிப்பாளையத்தில் ஆபீசுக்குத் திரும்ப வேண்டியவர்கள்.

"தெரிஞ்சும் ஏண்ணே சொல்லல?"

"சொன்னேனே மாப்ள. ஒரு நா ஊதாம இருந்து பாருன்னேன். நீ கேட்டியா?"

தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்கு இதிலிருந்து சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. சாப்பிட்டு முடித்தவன் அடுத்து எங்கே போகிறான் என்று கேளுங்கள். நோட்டுப் போட்டு யோசிக்காமல் அவனிடமே கேளுங்கள். டவுனில் பலித்தது திருமங்கலத்தில் ஏன் பலிக்கவில்லை என்று இரண்டு மாதம் மண்டையை உடைத்தேன். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த அம்மாளிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் ஒரு நாளில் முடிந்திருக்கும். இதைச் சொல்லிவிட்டு, நான் உடனே திருந்திவிட்டேன் என்றும் நினைக்க வேண்டாம். அடுத்த வாரமே பெஞ்சுதான் ரகசியம் என்று புரிந்துகொண்டு கோரிப்பாளையத்துக் கடை வாசலில் நாலு பெஞ்சு போடச் சொன்னேன். ஒருவரும் உட்காரவில்லை. இடித்துக்கொள்கிறது என்று நாலு நாளில் எடுத்துவிட்டார்கள்.

மற்றபடி நடந்தது இதுதான். அன்று நாலாவது டிரிப் மூன்று மணிக்குப் பத்து நிமிஷம் முன்னால் எழுந்தது. முதலாளி சாவியை யாரிடமும் கொடுக்கவில்லை. மறுநாள் காலையில் பதினாலு பேரும் வேலைக்கு வந்தோம்.